அடி மொறுமொறுவென்று வர: ஃப்ரோசன் பீட்சாவைத் தேர்ந்தெடுத்துச் சுடும் முறை

ஃப்ரோசன் பீட்சா சொதப்பினால் பத்தில் எட்டு முறை குற்றவாளி தண்ணீர்தான். சாஸில் தண்ணீர், காய்களில் தண்ணீர், மொசரெல்லாவின் எடையிலும் கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். இவ்வளவும் பனிக்கட்டியாக உறைந்து ஒரு மெல்லிய மாவுத் தட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஓவனில் வைத்ததும் அது உருகும். உருகிய நீர் ஆவியாகப் போவதற்குள் மாவுக்குள் இறங்கிவிட்டால், மேலே சீஸ் பொன்னிறமாக இருந்தாலும் அடியில் ஈரத் துணி மாதிரி இருக்கும். ஒரு கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் போதும். அதே ஒரு கிராம் நீரை ஆவியாக்க சுமார் 2260 ஜூல் வேண்டும். கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அரைகுறைச் சூட்டில் சுட்டால் உருகல் நடக்கும், ஆவியாதல் நடக்காது. கடையில் பெட்டி எடுப்பதிலிருந்து கடைசியில் துண்டு போடுவது வரை எல்லா முடிவுகளையும் இந்த ஒரு கணக்கை வைத்தே எடுக்கலாம்.

இது புதுப் பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவில் ஜோசப் புச்சி என்பவர் 1950-ல் விண்ணப்பித்து 1954-ல் பெற்ற ஃப்ரோசன் பீட்சா காப்புரிமையிலேயே, சாஸின் ஈரம் மாவுக்குள் இறங்காமல் தடுப்பது முக்கியமான வேலையாக இருந்தது.

கடை ஃப்ரீசர் முன்னால்

பெட்டியில் உள்ள படத்தைப் பார்க்க வேண்டாம். முதலில் பெட்டியைத் தட்டையாகப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். உள்ளே ஒரே துண்டாக நகரும் சத்தம் கேட்டால் சரி. பொலபொலவென்று நிறையத் துகள்கள் உருளும் சத்தம் வந்தால் டாப்பிங் கழன்று கிடக்கிறது, அல்லது பேஸ் உடைந்திருக்கிறது. பெட்டியின் அட்டை மெத்தென்று நனைந்து காய்ந்த தடத்தோடு இருந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் உறை வழியாக பீட்சா தெரிகிற வகை என்றால் நன்றாக உற்றுப் பாருங்கள். நல்ல பீட்சாவில் துருவிய சீஸ் இழை இழையாக, ஓரங்கள் கூராக, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடப்பது தெரியும். இழைகளுக்கு நடுவே மாவு தூவினாற்போல் மெல்லிய பனி இருந்தால் பரவாயில்லை. ஒருமுறை இளகி மறுபடி உறைந்த பீட்சாவில் அந்த இழைகள் ஒட்டிப்போய் மழுங்கிய ஒரே படலமாக இருக்கும். குடைமிளகாய்த் துண்டைச் சுற்றிச் சீஸில் சிவப்போ பச்சையோ சாயம் இறங்கியிருக்கும். உறையின் ஒரு மூலையில் பனிக்கட்டி உருண்டையாகத் திரண்டிருக்கும். டாப்பிங் எல்லாம் ஒரே பக்கம் சரிந்திருந்தால், செங்குத்தாக நிறுத்தி வைத்த நிலையில் அது இளகியிருக்கிறது என்று அர்த்தம். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் எடுக்க வேண்டாம்.

மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அசையாமல் வைத்திருந்தால் பனிப்படிகங்கள் சிறியவையாகவே இருக்கும். கதவு திறந்து மூடி, வெப்பம் ஏறி இறங்கும்போது சின்னப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்கின்றன. பெரிய படிகம் காயின் செல் சுவரையும் மாவின் பிணைப்பையும் கிழிக்கும். சுடும்போது அங்கிருந்து நீர் கொட்டும். இன்னொரு பக்கம், பனி நீராகாமலே நேராக ஆவியாகி ஓரங்களை வறட்டிவிடும். வெளுத்துப்போன, அட்டை போன்ற அந்த ஓரம் எவ்வளவு கவனமாகச் சுட்டாலும் கடிக்கக் கடினமாகவே இருக்கும். அதனால் கண்ணாடிக் கதவு ஃப்ரீசரில் முன்வரிசையை விட்டுப் பின்வரிசையிலிருந்து எடுங்கள். மேல் திறப்புப் பெட்டி என்றால், சுவரில் போட்டிருக்கும் நிரப்புக் கோட்டுக்கு மேலே குவிந்திருப்பதைத் தொட வேண்டாம்.

அடுத்தது எடையும் விட்டமும். 30 செ.மீ. பீட்சாவின் பரப்பு சுமார் 707 சதுர செ.மீ. 25 செ.மீ. பீட்சாவுக்கு 491 தான். அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசத்தில் பரப்பு 44 சதவீதம் கூடிவிடுகிறது. எடையைப் பரப்பால் வகுத்துப் பார்த்தால் பெட்டிக்குள் எந்த மாதிரி பீட்சா இருக்கிறது என்று திறக்காமலே தெரிந்துவிடும். 26 செ.மீ., 330 கிராம் என்றால் 100 சதுர செ.மீ.க்கு 62 கிராம்: மெல்லிய வகை. 30 செ.மீ., 800 கிராம் என்றால் 113 கிராம்: தடித்த, உப்பும் வகை. அவசரச் சாப்பாட்டுக்கு, சாதாரண வீட்டு ஓவனுக்கு, 100 சதுர செ.மீ.க்கு 75 கிராமுக்குக் கீழே இருப்பதை எடுப்பது நல்லது. அதற்கு மேல் போகப் போக நடுப்பகுதி வேக நேரம் ஆகும். அதற்குள் ஓரம் கருகும் வாய்ப்பும் கூடும்.

லேபிளில் எதைப் படிப்பது

பொருட்கள் எடை வரிசையில்தான் அச்சிடப்பட்டிருக்கும், அதிகம் இருப்பது முதலில். மாவு முதலில் வருவது இயல்பு. அதற்கடுத்த இரண்டு இடங்களுக்குள் மொசரெல்லா வந்தால் நல்ல அறிகுறி. சீஸ் என்று போட்டு, அதன் அடைப்புக்குறிக்குள் தாவர எண்ணெய், ஸ்டார்ச், கேசீன் (பால் புரதம்) என்று வரிசை போனால் அது சீஸ் போன்ற பொருள். உருகும், ஆனால் மொசரெல்லா மாதிரி இழுபடாது. பிராண்டுக்கு ஏற்ப எண்ணெய் கக்கும், அல்லது பிளாஸ்டிக் மாதிரி மினுமினுத்துக்கொண்டு நிறம் மாறாமல் கிடக்கும். உண்மையான மொசரெல்லா சிவக்க ஒரு காரணம் உண்டு. அதைப் புளிக்க வைக்கும் பாக்டீரியா, பால் சர்க்கரையின் ஒரு பாதியான கேலக்டோஸை வழக்கமாகச் சாப்பிடாமல் விட்டுவிடும். மிஞ்சிய அந்தச் சர்க்கரை பால் புரதத்தோடு சேர்ந்து சூட்டில் பழுப்பாகிறது.

மாற்றியமைக்கப்பட்ட ஸ்டார்ச் என்று சாஸ் பகுதியில் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாதாரண ஸ்டார்ச்சால் கெட்டியாக்கிய சாஸ் உறைந்து இளகியதும் நீரைக் கக்கும். மாற்றியமைத்தது பிடித்து வைத்துக்கொள்ளும். பீட்சாவின் அடிக்கு அது நன்மைதான். பயப்பட வேண்டியது பச்சையாக வெட்டிப்போட்ட தக்காளி வட்டம், காளான், கீரை, அன்னாசி ஆகியவற்றுக்குத்தான். காய் வேண்டும் என்றால் ‘வறுத்த’ அல்லது ‘கிரில் செய்த’ என்று லேபிளில் போட்டிருப்பதைத் தேடுங்கள். ஒரு பிராண்டை முதல்முறை வாங்கும்போது வெறும் சீஸ் வகையையே எடுங்கள். பேஸ் எப்படி, சாஸ் எப்படி என்று மறைக்க ஒன்றும் இல்லாமல் தெரியும்.

சோடியம் கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்ற பத்தியில் பீட்சாவின் மூன்றில் ஒரு பங்கையோ நான்கில் ஒரு பங்கையோ எடுத்துக் கணக்குக் காட்டியிருப்பார்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்து முழு எடையால் பெருக்குங்கள். 100 கிராமுக்கு 500 மி.கி. சோடியம் என்றால் 330 கிராம் பீட்சாவில் 1650 மி.கி. அதை 2.5-ஆல் பெருக்கினால் 4 கிராமுக்குச் சற்று மேல் உப்பு. ஒரு பெரியவருக்கு ஒரு நாளைக்கு 2000 மி.கி. சோடியத்துக்குள், அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒருவரே முழுசாகச் சாப்பிடப் போகிறார் என்றால் இந்தப் பெருக்கலைக் கடையிலேயே போட்டுவிட வேண்டும்.

பேஸ் பாதி சுட்டதா, பச்சை மாவா என்பதைக் கட்டாயம் பாருங்கள். பாதி சுட்ட பேஸின் அடியில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். சுடும் நேரம் 10 முதல் 14 நிமிடம் என்று போட்டிருக்கும். ஓவனில் உப்பி எழும் வகை பச்சை மாவு. ஈஸ்ட்டோடு பேக்கிங் சோடா மாதிரி ஒன்றும் பட்டியலில் இருக்கும், நேரம் 20 நிமிடத்துக்கு மேல் போகும். பச்சை மாவில் கிருமி இருக்க வாய்ப்புண்டு. அதனால் இந்த வகையில் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டே ஆக வேண்டும். பக்கவாட்டிலிருந்து நடு வரை குத்திப் பார்க்கிற உணவு வெப்பமானி இருந்தால் சந்தேகமே வேண்டாம். காலிஃபிளவர் பேஸ் நீரை அதிகம் பிடிக்கும், ஓரம் சீக்கிரம் கறுக்கும். அதைக் கம்பித்தட்டில் நேராக வைக்காமல், சூடாக்கிய தட்டில் பேக்கிங் தாள் போட்டு அதன் மேல் வைத்துச் சுடுங்கள்.

வீடு வந்து சேரும் வரை

கடையில் கடைசியாக எடுங்கள், பையில் படுக்க வையுங்கள், வீட்டு ஃப்ரீசரிலும் அடித்தட்டில் படுக்க வையுங்கள். ஃப்ரீசர் கதவில் இருக்கும் அறை வேண்டாம். வழியில் இளகிவிட்டால் மறுபடி உறைய வைக்காமல் அன்றைக்கே சுட்டுவிடுங்கள். இளகிய பச்சை மாவுப் பீட்சாவைக் கம்பித்தட்டில் வைத்தால் கம்பிகளுக்கு இடையே தொங்கி விழும். தட்டில்தான் வைக்க வேண்டும்.

ஓவனில்

மற்ற எதையும் விட இங்கே பொறுமை வேண்டும். ஓவன் சூடேறுவதைக் காட்டும் சின்ன விளக்கு அணைந்தால் காற்று சூடாகிவிட்டது என்றுதான் பொருள். சுவர்களும் கம்பித்தட்டும் இன்னும் சூடாகியிருக்காது. அந்த நிலையில் கதவைத் திறந்தால் சூடான காற்று வெளியே போய், உள்ளே வெதுவெதுப்புதான் மிஞ்சும். விளக்கு அணைந்த பிறகும் 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். விசிறி இல்லாத ஓவனில் 220 டிகிரி, விசிறி ஓடினால் 200. பெட்டியில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பழைய ஓவன்களில் குமிழ் காட்டும் எண்ணுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் 20 டிகிரி வரை வித்தியாசம் இருப்பது சகஜம். கம்பியில் தொங்கவிடும் சின்ன ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கி வைத்தால் இந்த ஊகமெல்லாம் தேவையில்லை.

எதன் மேல் வைப்பது? பாதி சுட்ட மெல்லிய பேஸுக்கு வெறும் கம்பித்தட்டு. அடியிலிருந்து நேராகச் சூடு படும், ஆவியும் கீழ்வழியாகத் தப்பும். சீஸ் சொட்டுமோ என்று நினைத்து நேர் கீழே ஒரு தட்டை வைக்காதீர்கள். அது அடிச்சூட்டை மறைத்துவிடும். வேண்டுமானால் ஓவனின் தரைக்கு அருகில், ஓரமாக வையுங்கள். குளிர்ந்த தட்டில் பீட்சாவை வைத்து அப்படியே உள்ளே தள்ளுவதுதான் அடி சொதசொதப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம். தட்டுதான் வேண்டும் என்றால் அதைக் கவிழ்த்துப் போட்டு ஓவனோடு சேர்த்தே சூடாக்குங்கள். 6 மி.மீ. இரும்புத் தகடு இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் அது சூடாக முக்கால் மணி நேரம் ஆகும். பீட்சா கல்லின் மேல் உறைந்த பீட்சாவை வைக்க வேண்டாம். திடீர்க் குளிரில் கல் விரிசல் விடக்கூடும்.

உள்ளே வைப்பதற்கு முன் ஒரு நிமிட வேலை ஒன்று இருக்கிறது. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். டாப்பிங் பெரும்பாலும் நடுவில் குவிந்து, ஓரம் வெறுமையாகத்தான் வரும். நடுவில் கனம் கூடினால் நீர் அங்கேயே தேங்கும். உறைந்திருக்கும்போதே கத்தி முனையால் நடுவில் இருக்கும் துண்டுகளை நெம்பி எடுத்து ஓரம் நோக்கிப் பரப்புங்கள். நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குச் சீஸ் மெல்லியதாக இருக்கட்டும். வெளி ஓரத்தில் ஒரு டீஸ்பூன் எண்ணெயைத் தடவுங்கள். ஓரம் வறண்டு கடினமாகாது, நிறமும் சீராக வரும். பிளாஸ்டிக் உறையையும் அடியில் இருக்கும் அட்டை வட்டையும் எடுத்துவிட்டீர்களா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அட்டை பேஸின் நிறத்திலேயே இருப்பதால் அவசரத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

26 செ.மீ., 330 கிராம், பாதி சுட்ட மெல்லிய பேஸ், 220 டிகிரி, கீழிருந்து இரண்டாவது கம்பித்தட்டு. இந்த அமைப்பில் நிமிடக் கணக்கு இப்படிப் போகும். இரண்டு மூன்று நிமிடத்தில் மேலிருந்த வெண்பனி மறைந்து ஈர மினுமினுப்பு வரும், சீஸ் இழைகளின் நுனி மடங்கும். ஐந்தாவது நிமிடத்தில் ஓரத்துச் சாஸ் கொதிக்கத் தொடங்கும், கண்ணாடி ஆவியால் மங்கும். கதவைத் திறக்க வேண்டும் போல இருக்கும், திறக்காதீர்கள். ஏழு எட்டில் சீஸ் ஒரே படலமாகிவிடும், நடுவில் நீர் தேங்கிப் பளபளக்கும். பலர் இந்த இடத்தில்தான் ‘சீஸ் உருகிவிட்டது’ என்று எடுத்துவிடுகிறார்கள். அடி இன்னும் வெளுப்பாகவே இருக்கும். பத்தாவது நிமிடத்தில் ஓரத்துக் குமிழ்கள் அடங்கி நடுவில் மட்டும் சின்னச் சின்னக் குமிழ்கள் வேகமாக வெடிக்கும். பதினொன்று, பன்னிரண்டில் அந்தக் குமிழ்கள் பெரிதாகி, எண்ணிக்கை குறைந்து, சோம்பலாக எழுந்து உடையும். நீர் குறைந்து கொழுப்பும் புரதமும் மிஞ்சியதன் அடையாளம் இது. சீஸில் பழுப்புப் புள்ளிகள் வரும். இப்போது இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து மூன்று விரல் உயரம் தூக்குங்கள். எதிர் ஓரம் வளையாமல் பலகை மாதிரி சேர்ந்து எழுந்தால் ஆயிற்று. நடுவில் தொங்கினால் இன்னும் ஒன்றரை நிமிடம்.

சமையலறைத் தராசு இருந்தால் சுடுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள். இந்த அளவு பீட்சாவில் 30 கிராம் அளவுக்குக் குறைந்திருந்தால் நீர் ஒழுங்காக வெளியேறியிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கிராம்தான் குறைந்தது என்றால் மீதி நீர் எங்கே இருக்கிறது என்று கடித்ததுமே தெரிந்துவிடும்.

வெளியே எடுத்ததும் நேராகத் தட்டிலோ வந்த அட்டையிலோ வைக்க வேண்டாம். அடியில் ஆவி அடைபட்டு, பாடுபட்டு வரவழைத்த மொறுமொறுப்பு இரண்டே நிமிடத்தில் போய்விடும். ஒரு கம்பி வலை மேல் மூன்று நிமிடம் ஆறவிட்டு, பிறகு வெட்டுங்கள். அதற்குள் சீஸும் இறுகி, கத்தியோடு வழுக்கிக்கொண்டு வராது.

மேலே கருகி அடி வேகவில்லை என்றால் ஒரு தட்டு கீழே இறக்குங்கள், கடைசி நிமிடங்களில் அலுமினியத் தாளைத் தளர்வாக மேலே போடுங்கள். அடி கறுத்து நடு குளிர்ந்திருந்தால் பீட்சா தடிமனானது, சூடு அதிகம். 190-க்கு இறக்கி ஐந்தாறு நிமிடம் கூட்டுங்கள். இறைச்சி டாப்பிங்கில் எண்ணெய் குட்டையாக நின்றால் காகிதத் துண்டால் ஒற்றி எடுக்கலாம். வீட்டிலிருந்து மேலே ஏதாவது சேர்க்க ஆசைப்பட்டால் 26 செ.மீ. பீட்சாவுக்கு மொத்தம் 70 கிராமோடு நிறுத்துங்கள். காளானை முன்கூட்டியே வதக்கி நீரை வற்ற வையுங்கள். வெங்காயத்தைக் காகித மெல்லிசாக நறுக்குங்கள். துளசி போன்ற இலைகளை எடுத்த பிறகு தூவுங்கள்.

ஓவன் இல்லாவிட்டால்

சின்ன டோஸ்டர் ஓவனில் மேல்கம்பி மிக அருகில் இருப்பதால் 200 டிகிரி போதும், பாதியில் ஒருமுறை முன்பக்கம் பின்னால் போகும்படி சுழற்றி வையுங்கள். ஏர் ஃப்ரையருக்குக் கூடையை விட ஒரு விரல் சிறிய பீட்சா வேண்டும். 180 டிகிரியில் 7 முதல் 9 நிமிடம். காற்று வேகத்தில் லேசான டாப்பிங் பறக்கும், கனமான டாப்பிங்கை அதன் மேல் வைத்து அழுத்திவிடுங்கள். கனமான இரும்பு வாணலியில் பாதி சுட்ட பேஸ் அருமையாக வரும்: சிறு தீ, மூடி போட்டு 8 நிமிடம், பிறகு மூடியைத் திறந்து 3 நிமிடம். அடி பிரமாதமாக இருக்கும், சீஸ் சிவக்காது. பச்சை மாவு வகைக்கு இந்த முறை வேண்டாம்.

மைக்ரோவேவுக்கென்றே விற்கும் பீட்சாவில் சாம்பல் நிறப் பளபளப்பான அட்டை ஒன்று வரும். அதில் மிக மெல்லிய அலுமினியப் படலம் இருக்கிறது. மைக்ரோவேவில் அது 200 டிகிரி வரை சூடேறி அடியை வறுக்கும். பளபளப்பான பக்கம் பீட்சாவைத் தொட வேண்டும். ஒருமுறைதான் பயன்படும். அந்த அட்டை இல்லாமல் சாதாரண பீட்சாவை மைக்ரோவேவில் வைத்தால் மாவு ரப்பராகிவிடும், ஆறினால் கடிக்கவே முடியாது.

மிச்சமானதை இரண்டு மணி நேரத்துக்குள் மூடி போட்ட டப்பாவில், துண்டுகளுக்கு இடையே பேக்கிங் தாள் வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். 4 டிகிரியில் மூன்று நாள் வரை இருக்கும். மறுபடி சூடாக்க, எண்ணெய் விடாத வாணலியில் நடுத்தரத் தீயில் இரண்டு நிமிடம் திறந்தபடி வைத்து, பிறகு துண்டின் மேல் படாமல் வாணலியின் ஓரத்தில் நாலைந்து சொட்டுத் தண்ணீர் விட்டு உடனே மூடுங்கள். அந்த ஆவியில் முக்கால் நிமிடத்தில் சீஸ் இளகிவிடும். மூடியைத் திறந்து, ஆவி போன பிறகு ஒரு நிமிடம் வைத்து எடுங்கள்.